பதினாறாவது தாள்

நான் யாருக்கும் எந்த ஃபைலையும் காட்டியதில்லை. பைபிளைத் தொட்டுச் சொல்வேன். ஊட்டியில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தவன் நான். பெயர் கொர்னேலியஸ். அந்தக் கல்லூரி இப்போது இல்லை. மூடிவிட்டார்கள். கட்டடத்தில் டூரிஸ்ட்டுகள் தங்குகிறார்கள். என் ரெக்கார்டு அறை இருந்த இடத்தில் வெந்நீர்க் குளியலறை கட்டியிருப்பதாகக் கேள்வி.

மலையில் காகிதத்தைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஜூன் மழை பிடித்தால் நாலே நாளில் அட்டையில் பூசணம் பூக்கும். அதனால் மர அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டிருப்பேன். அந்தச் சூட்டில்தான் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் சரித்திரம் ஈரம் படாமல் இருந்தது. விண்ணப்பம், சாதிச் சான்று, மார்க் ஷீட், லீவு லெட்டர், மன்னிப்புக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் எண் போட்டு, அட்டையின் உள்பக்கம் ஒட்டிய பட்டியலில் ஏற்றி, பக்கத்தில் ரவுண்டு சீல் குத்துவேன். பட்டியலில் ஏறிய தாளை பிரின்சிபால் உத்தரவு இல்லாமல் எடுக்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் தாள்கள் காணாமல் போகும். என் காலத்தில் ஒன்றுகூடப் போனதில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்த்துப் பிடித்துப்போனால், பூ வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் பெண் படித்த இடத்துக்கு வந்து விசாரிப்பார். டீச்சர்களிடம் போக மாட்டார்கள். டீச்சர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தங்கம் என்பார்கள். நேராக என்னிடம்தான் வருவார்கள். நான் கை நீட்டி எதையும் வாங்கியவன் இல்லை. ஆனால் குன்னூரிலிருந்து கூடலூர் வரைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு முதல் பந்தியில் இடம் இருக்கும். "சார் சொன்னாருங்க, அதுக்கப்புறந்தான் தட்டு மாத்தினோம்" என்று யாராவது அறிமுகப்படுத்துவார்கள். அந்த ருசிக்கு நான் அடிமையாகத்தான் இருந்தேன்.

எண்பத்தாறில் லோயிஸ் அம்மா பிரின்சிபாலாக வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கண்டிப்பானவர், காகிதத்தில் உள்ளதை மட்டும் நம்புகிறவர். வந்த மாதமே ஒரு சர்க்குலர் போட்டார். மாணவியின் ஃபைலை அவளுடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியாள் எவருக்கும் காட்டக் கூடாது. பெற்றவர்களே கேட்டாலும் சரி, போலீஸ்காரர் கேட்டாலும் சரி, பிரின்சிபாலைக் கேட்டுவிட்டுத்தான். அதை ஒட்டுவதற்குப் பசை தடவியவனே நான்தான்.

அதற்குப் பிறகு நான் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆள் வந்தால் சர்க்குலரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். பிறகு அலமாரியைத் திறந்து, தூசி தட்டுகிறவன் போல அந்த ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவேன். டீ குடிப்பதைத் தடுத்து எந்த சர்க்குலரும் இல்லை. திரும்பி வரும்போது மேஜை காலியாக இருக்காது, நாற்காலி காலியாக இருக்கும். ஃபைலை எடுத்து உள்ளே வைப்பேன். யார் எதைப் படித்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாலாமணி என்ற பெண் கணக்குப் பிரிவில் படித்தாள். அம்மா பேச்சி, குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். அப்பா செத்து வெகுநாள். அந்த எஸ்டேட்டின் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள்தான். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் நிமிர்வும் இருந்தது. ஒழுங்காக எண்ணெய் தடவிப் பின்னிய தலையோடு நின்று, கண்ணைப் பார்த்துப் பேசுவாள். லயன் பிள்ளை அப்படிப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். பிடிக்காத விஷயம் என்றும் சொல்லலாம்.

இரண்டாம் வருடம் முப்பத்தெட்டு நாள் அவள் வரவில்லை. வருகை குறைந்துவிட்டதால் பரீட்சை எழுத அனுமதி வாங்க வேண்டும். உடல்நலக் குறைவு என்று டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவந்தாள். இது பத்தாது, என்ன நோய் என்று உன் கையெழுத்திலேயே எழுதிக் கொடு என்றேன். உண்மையில் அந்த சர்டிஃபிகேட்டே போதும். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பேனாவை எடுத்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"இத யாரும் பாக்க மாட்டாங்களே சார்?"

"இந்த அலமாரியத் தாண்டி ஒரு எழுத்து வெளிய போகாதும்மா. எனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு."

எனக்கு மகள் இருந்தது நிஜம். அவளைக் கோயம்புத்தூரில் சேர்த்தபோது அங்கே ரெக்கார்டு கிளார்க் யார், எப்படிப்பட்டவர் என்றுதான் முதலில் விசாரித்தேன்.

பாலாமணி நாலு வரி எழுதினாள். தனக்கு வலிப்பு உண்டு, கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள், இப்போது மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது என்று. அதற்குப் பதினொன்று என்று எண் போட்டேன். ரவுண்டு சீல் குத்தும்போது அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வருடப் பரீட்சை நெருங்கும்போது நல்லசாமி வந்தார். ஒரு ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் இலையை மோந்து பார்த்துத் தரம் சொன்ன மனிதர், எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். அவருடைய மகன் கந்தனுக்குக் குன்னூரில் தேயிலை ஏலக் கம்பெனியில் வேலை. பாலாமணியைப் பார்த்துவிட்டார்களாம், எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம்.

"ஏனுங்க, நம்ம ஊட்டுக்கு வரப்போற புள்ள. நாலு எடத்துல கேக்கோணுமில்லீங்க?"

கேட்க வேண்டியதுதான் என்றேன். சர்க்குலரைப் படித்தேன். தூசி தட்டினேன். டீக்குப் போனேன். அன்றைக்கு டீயோடு ஒரு வர்க்கியும் சாப்பிட்டேன், அவர் மெதுவாகப் படிக்கிற ஆளாகத் தெரிந்தார். திரும்பி வந்தபோது ஃபைல் மூடி, நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தது. டீத்தூள் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. அவிழ்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

கல்யாணம் நின்றுபோனது. இதில் ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கந்தனுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே லயன் குழாயடியில் இருவரையும் கொஞ்ச நேரம் பேசவிட்டிருக்கிறார்கள். பாலாமணி ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிற நோய்க்கு நான் ஏன் பயப்பட வேண்டும், அப்பாவிடம் நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். அந்த நேரம் அவனுக்குக் கிடைக்கவில்லை. நல்லசாமி நேராக லயனுக்கே போய், அத்தனை பேர் முன்னாலும் பேச்சியிடம், நோயாளியைத் தலையில் கட்டப் பார்த்தாயா என்று கத்தியிருக்கிறார். கூடவே நின்ற பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டானாம். என்னைக் கேட்டால் தப்பு அந்தப் பையன்மேல்தான். வாயைத் திறந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து பாலாமணி பிரின்சிபாலிடம் ஒரு புகார் கொடுத்தாள். ஒரே தாள், இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுதியிருந்தாள். என்ன நோய், எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை, நான் என்ன வாக்குக் கொடுத்தேன், நல்லசாமி என்ன வார்த்தை சொன்னார் எல்லாம் இருந்தது. கணக்குப் படித்த பிள்ளை இல்லையா, படிப்படியாக எழுதியிருந்தாள்.

லோயிஸ் அம்மா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். யாருக்காவது ஃபைலைக் காட்டினீர்களா? இல்லை. படித்துச் சொன்னீர்களா? இல்லை. அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள்? எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இனிமேல் மேஜைமேல் ஃபைலை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். பிறகு பாலாமணிக்கு நல்லது செய்வதாக நினைத்து ஓர் உத்தரவும் போட்டார். பதினோராவது தாளை ஃபைலிலிருந்து எடுத்து, கவரில் ஒட்டி, அவருடைய பீரோவில் வைக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் செய்துமுடித்தேன். பட்டியலில் பதினொன்றுக்கு நேரே 'உத்தரவுப்படி நீக்கம்' என்று எழுதினேன்.

புகார்க் கடிதத்தை என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. மாணவி எழுதிக் கொடுக்கிற எந்தக் கடிதமும் அந்த மாணவியின் ஃபைலில் சேர வேண்டும் என்பது விதி. சேர்த்தேன். பதினைந்து என்று எண் போட்டேன்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலா செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துதான் செய்தேன். எடுத்த தாளில் நாலு வரி இருந்தது, சேர்த்த தாளில் இரண்டு பக்கம் இருந்தது. ஒரு லயன் பிள்ளை என்மேல் எழுதிக் கொடுத்துவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் சீலை ஓங்கிக் குத்தினேன்.

அவள் முதல் வகுப்பில் தேறினாள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு மனுப் போட்டாள். அந்தப் பள்ளியின் தாளாளர் எட்மண்ட் எங்கள் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர். அவரும் வந்தார். மேஜைமேல் வைக்கக் கூடாது என்றுதானே உத்தரவு? ஃபைலை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு டீக்குப் போனேன். வரும்போது அவர் வாசலிலேயே குடையோடு நின்றிருந்தார்.

"வலிப்புகூடப் பரவால்லைங்க. புள்ளைங்க முன்னாடி விழுந்தா நாலு பேரு தூக்கிக்கலாம். கம்ப்ளெயின்ட் எழுதுற கைய வெச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது?"

அந்த வேலை அப்படிப் போயிற்று. ஃபைலில் படித்ததை எட்மண்ட் அவளிடம் நேராகவே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜூலை மழையில் ஒருநாள் பாலாமணி வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவளுடைய ஃபைலை அவளே பார்க்க வேண்டும் என்றாள். லோயிஸ் அம்மாவின் சர்க்குலரில் அதற்கு இடம் உண்டு. எடுத்துக் கொடுத்தேன். முதலில் பட்டியலைத்தான் படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். பதினைந்தில் விரல் நின்றது. தாள்களைப் புரட்டித் தன் எழுத்தைப் பார்த்தாள்.

"இதையும் இதுலயே கோத்துட்டீங்களா, சார்?"

"விதிம்மா. நீ எழுதினது உன் ஃபைல்லதான இருக்கணும்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேறு ஏதாவது புகார் இருந்தால் எழுதிக் கொடு என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். கிண்டலாகத்தான் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது? அவள் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, சார்."

சொன்ன மாதிரி போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருடமாக எழுந்து போய்ப் பழகிய கால், தானாகவே எழுந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. தாளைக் கிழித்துக்கொண்டு போயிருப்பாள் என்று பயந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்று கூடியிருந்தது. என் சிவப்புப் பேனாவால் பதினாறு என்று எண் போட்டு, பட்டியலிலும் ஏற்றி, மேஜையில் இருந்த ரவுண்டு சீலை நேராகக் குத்தியிருந்தாள். என்னைவிடச் சுத்தமான வேலை.

'இதைப் படிக்கிறவருக்கு வணக்கம். நீங்கள் மூன்றாவது ஆள். முதலில் திரு. நல்லசாமி படித்தார், அடுத்து திரு. எட்மண்ட் படித்தார். நீங்கள் படிக்கும் இந்த நேரம் கொர்னேலியஸ் சார் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் யாருக்கும் எதையும் காட்டியதில்லை. டாக்டர் சர்டிஃபிகேட்டே போதும் என்று யுனிவர்சிட்டி விதியில் இருப்பதை இப்போதுதான் படித்தேன். என் நோயைப் பற்றி என்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டவரிடம் நான் மறைத்ததே இல்லை. பாலாமணி.'

மூன்று தடவை படித்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். பட்டியலில் ஏறிவிட்டதே. பட்டியலைக் கிழித்தால் அட்டையே போய்விடும். உத்தரவு வாங்கி எடுக்கலாம் என்றால் லோயிஸ் அம்மா படிப்பார். நான் போட்ட சட்டத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த ஃபைலை யாருக்கும் வெளியே எடுக்கவில்லை. இரண்டு வரன் விசாரிக்க வந்தது. டீக்குப் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, விதிப்படி எதுவும் சொல்ல முடியாது என்று அனுப்பினேன். சொல்லவே மாட்டேன் என்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவர்கள் மறுபடி லயன் பக்கம் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பி.எட். முடித்திருந்த பாலாமணிக்கு அரசாங்கப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. நிஜமாகவே வந்தது. யார் தயவும் இல்லாமல், மார்க்கில் வந்தது. சேர்வதற்கு முன்னால் படித்த கல்லூரியிலிருந்து உண்மைத்தன்மைச் சான்று வர வேண்டும், அதற்கு ஓர் அதிகாரி நேரில் வந்து அசல் ஃபைலைப் பார்வையிடுவார் என்று கடிதம் வந்தது. ஆறு வாரக் கெடு.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஊட்டியில், டிசம்பரில். அதிகாரி முதலில் பட்டியலைப் பார்ப்பார், பிறகு கடைசித் தாளைப் பார்ப்பார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம்.

ஃபைலை எடுத்து, அலமாரியின் அடித்தட்டில் அறுபத்திரண்டாம் வருடக் கட்டுகளுக்குப் பின்னால் செருகினேன். லோயிஸ் அம்மாவிடம் போய், போன மழையில் பல்பு போயிருந்தது தெரியாமல் கொஞ்சம் ஃபைல்கள் பூசணம் பிடித்துக் கூழாகிவிட்டன, அதில் பாலாமணியுடையதும் போயிற்று என்றேன். நம்புவதற்காக நாலைந்து பழைய கட்டுகளைத் தண்ணீரில் நனைத்துக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டார். 'ஃபைல் கிடைக்கவில்லை, உண்மைத்தன்மையை உறுதிசெய்ய இயலவில்லை' என்று நான் டைப் அடித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்கலாம் என்று அவரே ஒரு கடிதமும் போட்டார். யுனிவர்சிட்டி பதில் ஒன்பதாவது வாரம் வந்தது.

கெடு முடிவதற்கு முந்தின நாள் பேச்சி வந்தாள். கொழுந்துக் காட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியபடியே இருந்தாள்.

"ஐயா, எம் மவ ஃபைலு அதுக்குள்ளாறதான் எங்கயாச்சும் கெடக்கும். நீங்க தொறந்து வுட்டாப் போதுமுங்க. நானே ஒவ்வொண்ணாத் தேடிப் பாக்கறனுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, ஃபோட்டோவ வெச்சுக் கண்டுபுடிச்சுக்குவேன்."

வெளியாள் முன்னால் அலமாரியைத் திறக்கக் கூடாது, மற்றப் பிள்ளைகளின் ரகசியம் அதில் இருக்கிறது என்று விதியைச் சொன்னேன். ஃபைல் அவளுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. அலமாரி இடுக்கில் பல்பு வெளிச்சம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஐந்து மணிவரை நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

பாலாமணி இப்போது அம்மா பறித்த அதே காட்டில் கொழுந்து பறிக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை சரிவில் வலிப்பு வந்து உருண்டதில் முன்பற்கள் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். என் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. பேரன் பேத்தி எடுத்துவிட்டேன்.

கல்லூரியை மூடியபோது ஃபைல்களையெல்லாம் லாரியில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் தாள் பறந்ததாம், குன்னூர் ரோட்டில் பிள்ளைகள் பொறுக்கிக் கப்பல் விட்டார்களாம். பாலாமணியின் ஃபைல் மட்டும் அதில் போகவில்லை. அது என் வீட்டுப் பீரோவில், துணிக்கு அடியில் இருக்கிறது. சாவி என் அரைஞாணில் இருக்கிறது, என் மனைவிக்குக்கூடக் கொடுத்ததில்லை. மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்துத் தாள்களை எண்ணுகிறேன். இத்தனை வருடத்தில் வேறு ஒருவர் கண்ணில் அது பட்டதில்லை. எந்தப் பிள்ளையின் ஃபைலையும் நான் இவ்வளவு பத்திரமாகக் காத்ததில்லை.